கொலைக்கு முன்னால் ஒரு கட்டுரை

கோடாரியைத் தூக்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ரஸ்கோல்னிகோவ் ஒரு கட்டுரை எழுதிவிட்டான். குற்றம் பற்றிய கட்டுரை. மனிதர்களில் இரண்டு வகை உண்டு. கீழ்ப்படிந்து வாழப் பிறந்தவர்கள் ஒரு வகை, பெரிய காரியம் ஒன்றுக்காகச் சட்டத்தைத் தாண்டிப் போக உரிமை பெற்றவர்கள் இன்னொரு வகை, நெப்போலியன் இரண்டாவது வகை என்பது அதன் சாரம். அது ஒரு பத்திரிகையில் அச்சாகிவிட்டது எழுதியவனுக்கே தெரியாது. புலன்விசாரணை அதிகாரி பொர்ஃபிரி பெத்ரோவிச்சுக்குத் தெரியும். அவர் அதைப் படித்து, மனதில் வைத்திருக்கிறார். 1866-ல் 'ருஸ்கி வெஸ்த்னிக்' இதழில் தொடராக வந்த தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் கொலைக்கருவி எது என்று கேட்டால் எல்லாரும் கோடாரி என்பார்கள். கட்டுரை என்பது என் முடிவு. கோடாரி அதற்குப் பிறகு வந்தது.

இந்த முடிவுக்கு வருவதற்குப் பெரியகுளம் நல்ல இடம். மதுரை பாத்திமா கல்லூரியில் தமிழ் கற்பித்த எம்.ஏ.சுசீலா இந்த நாவலைத் தமிழில் தந்திருக்கிறார். ஆகவே புத்தகமும் கைக்கெட்டும் தூரம்தான். இன்னொரு காரணம் தெற்கே இருக்கிறது. இங்கிருந்து தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கின் ஊடே போனால் கூடலூர் வரும். அதற்கு மேலே வண்ணாத்திப்பாறை மலையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம். சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து நின்று மக்களை மேலே விடுகிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் பளியங்குடியிலிருந்து நடந்து ஏறுகிறார்கள், குமுளிப் பக்கத்திலிருந்து ஜீப்பில் வருகிறவர்களும் உண்டு. கண்ணகி விண்ணேறிய குன்று திருச்செங்கோடு என்று சொன்ன பழைய உரைகாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் வைகைக் கரையைப் பிடித்துக்கொண்டு இரவு பகல் தெரியாமல் மேற்கே நடந்த ஒருத்தி எங்கே வந்து சேர்வாள் என்பதில் பள்ளத்தாக்கு மக்களுக்குச் சந்தேகமே கிடையாது.

அவள் கணவன் வெட்டுப்பட்டதற்கு முன்னாலும் ஒரு கட்டுரை இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நிதானமாக வாசித்தால் அது தெரியும். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். கோவலன் ஒற்றைச் சிலம்போடு அவனிடம் வந்து சேர்கிறான். ஊடிப்போன தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கும் பாண்டியனிடம் பொற்கொல்லன் புகார் சொல்ல, அவன் விசாரணை இல்லாமல் காவலர்களை ஏவுகிறான். காவலர்கள் வருகிறார்கள், கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் அவர்களுக்குத் தயக்கம் வருகிறது. இவனுடைய தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். வேலை நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் பொற்கொல்லன் புன்னகையோடு ஒரு சிறு சாத்திரம் சொல்கிறான். களவுத் தொழிலுக்குத் துணையாவன எட்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் விளக்கம், ஒவ்வொன்றாலும் கள்வர் என்னென்ன செய்வார்கள் என்பதற்கு உதாரணம். தேவனைப்போலத் தோன்றி மறைவார்கள், மணிமாலையைக் கழற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது, பகலில் தூதர் வேடத்தில் வருவார்கள். தமிழில் குற்றவியல் பற்றி எழுதப்பட்ட மிகத் தெளிவான வகைப்பாடுகளில் ஒன்று இது. ஆராய்ச்சி ஒழுங்கும் இருக்கிறது, பேச்சில் தன்னம்பிக்கையும் இருக்கிறது. பேசுகிறவன்தான் திருடன்.

அதைக் கேட்டதும் இளைய காவலன் ஒருவன் தன் அனுபவத்தைச் சேர்க்கிறான். மழை பெய்யும் நடு இரவில் ஒரு கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்துபோன கதை. சாத்திரத்துக்குச் சான்று கிடைத்துவிட்டது. இனி யாரும் கோவலனைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது எட்டுத் துணைகளும் கைவந்த ஒரு கள்வனை. கல்வி இல்லாத, கள் வெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இளங்கோ அவனை அப்படித்தான் அறிமுகம் செய்கிறார். அவனைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த வாளுக்கு வழி செய்து கொடுத்தவன் படித்தவன்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தச் சாத்திரம் சொல்லப்பட்ட நேரம் முக்கியம். காவலர்கள் கோவலனின் முகத்தைப் பார்த்துத் தயங்கிய மறுநொடி அது சொல்லப்படுகிறது. முகத்தை மறைப்பதற்காகவே அது பிறந்திருக்கிறது. எதிரில் நிற்பவன் இன்ன ஊர்க்காரன், இன்னாருடைய மகன், கால் நோக நடந்து வந்தவன் என்பதெல்லாம் கண்ணில் படாமல், அவனை ஒரு வகைமைக்குள் அடைத்துவிடுவது அதன் வேலை.

ரஸ்கோல்னிகோவின் கட்டுரையும் இதைத்தான் செய்கிறது. அடகுக்கடைக் கிழவி அல்யோனா இவானோவ்னா அதில் ஒரு பேன். ஒரு மதுக்கடையில் மாணவன் ஒருவன் ராணுவ அதிகாரியிடம் பேசுவதை அவன் கேட்கிறான்: ஒரு கிழவி செத்தால் அவள் பணத்தில் நூறு உயிர்கள் பிழைக்கும், ஒன்றுக்கு நூறு, கணக்குச் சரிதானே. கணக்கு என்னவோ சரிதான். வீட்டிலிருந்து கிழவி வாசலுக்கு 730 அடி என்று எண்ணி வைத்திருக்கிறான். கோட்டுக்குள் கோடாரிக்குக் கண்ணி தைத்து வைத்திருக்கிறான். எல்லாம் யோசித்தவன் லிஸாவெதாவை யோசிக்கவில்லை. கிழவியின் தங்கை, ஏழை, அக்காவிடம் அடி வாங்குகிறவள், யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். எதிர்பாராத நேரத்தில் உள்ளே வந்துவிடுகிறாள். அவளைக் கொல்வதற்குக் கட்டுரையில் இடமில்லை, ஆனாலும் கொல்கிறான். அப்போது அவள் முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. இடது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டுகிறாள், அவ்வளவுதான். பயந்த குழந்தையின் முகம் அது.

அந்த முகம் அவனை விடுவதில்லை. ஐந்தாம் பாகத்தில், மார்மெலதோவ் என்பவரின் மகளான சோனியாவிடம் உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போது, சோனியாவின் முகத்தில் லிஸாவெதாவின் முகத்தைப் பார்க்கிறான். சோனியாவும் அதேபோல் கையை நீட்டிப் பின்வாங்குகிறாள். என் வாசிப்பில் நாவலின் மையம் இந்தக் காட்சிதான். கிழவியைப் பற்றி அவன் நாவல் முடியும்வரை வாதாடிக்கொண்டே இருக்கிறான். லிஸாவெதாவைப் பற்றிச் சொல்ல அவனிடம் எந்த வாதமும் இல்லை. குற்ற உணர்வு அந்த வாதமற்ற இடத்தில்தான் வேர்விடுகிறது.

கொலைக்கு முந்தைய நாள் அவனுக்கு ஒரு கனவு வரும். சிறுவனாகத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். மிகோல்கா என்ற குடியானவன், வண்டி இழுக்க முடியாத ஒரு நோஞ்சான் குதிரையைச் சாட்டையாலும் இரும்புக் கம்பியாலும் அடித்தே கொல்கிறான். என் சொத்து, என் இஷ்டம் என்று கத்துகிறான். சிறுவன் ஓடிப்போய் செத்த குதிரையின் முகத்தைக் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறான். விழித்ததும் ரஸ்கோல்னிகோவுக்கு வியர்த்துக்கொட்டுகிறது. என்னால் முடியாது என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான். கட்டுரை எழுதாத வயதில் அவன் யாராக இருந்தான் என்று அந்தக் கனவு காட்டுகிறது.

இந்தக் கனவுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய ஒரு கதை பெரியகுளத்திலேயே இருக்கிறது. பாலசுப்பிரமணியர் கோயிலின் தலவரலாறு. ராஜேந்திர சோழன் வேட்டைக்கு வந்தான். அவன் விட்ட அம்பு ஒரு தாய்ப் பன்றியின் மேல் பாய்ந்தது. பால் குடிக்கும் குட்டிகள் தாயைச் சுற்றி நின்று கதறின. முருகன் வந்து அந்தக் குட்டிகளுக்குப் பால் கொடுத்தான். அதைக் கண்ட சோழன் மனம் கலங்கி அங்கே கோயில் எழுப்பினான். ஊரை வடகரை, தென்கரை என்று பிரித்துக்கொண்டு ஓடும் ஆற்றுக்கு வராக நதி என்று பெயர் வந்தது இதனால்தான் என்பார்கள். திருவிளையாடற் புராணத்திலும் பன்றிக்குட்டிகளுக்குச் சிவன் பால் கொடுத்த படலம் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள நாட்டுக்கே இந்தக் காட்சியின் மேல் ஒரு பிடிப்பு இருந்திருக்கிறது.

சோழன் உண்மையில் அகமலை அடிவாரத்துக்கு வேட்டையாட வந்தானா என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கட்டும். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது வேறு. அந்தக் கதையில் சட்டம் எதுவும் மீறப்படவில்லை. காட்டில் பன்றியை வேட்டையாடுவது அரசனுக்குத் தடைசெய்யப்பட்ட காரியமல்ல. பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்வதை ஊரே பாராட்டும். வேட்டைக்கும் சாத்திரங்கள் உண்டு. அரசனுக்கு அது பயிற்சி, வீரம், கடமை என்று சொல்லும் நூல்கள் உண்டு. அத்தனையும் பசித்த குட்டிகளின் கதறலுக்கு முன்னால் பயன்படாமல் போகின்றன. ஒரு ஊர் தன் ஆற்றுக்குப் பெயர் வைக்கும்போது வென்ற அரசனை விட்டுவிட்டு, அவன் அம்பு பட்டுச் செத்த பன்றியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பெரியகுளத்துக்காரர்கள் தினமும் சொல்லும் பெயர் அது. அதை நான் பெரிய நாகரிகம் என்று நினைக்கிறேன்.

இனி காலக்கணக்கு.

பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குற்றம் தெரிவதற்கும் உயிர் போவதற்கும் இடையே சில நொடிகள்தான். கண்ணகி அவைக்கு வருகிறாள். யார் நீ என்று கேட்கிறான். அவள் தன் ஊரைச் சொல்கிறாள், ஊரின் பெருமையைச் சொல்கிறாள், கணவனின் குலத்தைச் சொல்கிறாள், தன் பெயரைச் சொல்கிறாள். பொற்கொல்லன் எட்டு வகையாகப் பிரித்து மறைத்த ஆளை அவள் ஊரும் பெயருமாகத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். அதற்குப் பிறகே சிலம்பு உடைகிறது. அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். தெறித்த மணியைக் கண்டதும் அவன் தன்னைத்தானே கள்வன் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு சிம்மாசனத்திலேயே விழுகிறான். வாதம் இல்லை, மேல்முறையீடு இல்லை. பொற்கொல்லன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று அவன் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. பொன்செய் கொல்லன் சொல்லைக் கேட்டது தன் குற்றம் என்று அவன் எடுத்துக்கொள்கிறான். கேட்டதற்கும் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட வாசகன் அவன்.

ரஸ்கோல்னிகோவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. கொலை முதல் பாகத்தின் முடிவில். காவல் நிலையத்தில் வாக்குமூலம் ஆறாம் பாகத்தின் முடிவில். இடையில் ஜுரம், பிதற்றல், தங்கையின் கல்யாணப் பேச்சு, மார்மெலதோவின் சாவு, பொர்ஃபிரியோடு மூன்று நீண்ட உரையாடல்கள். கொள்ளையடித்ததை ஒரு முற்றத்தில் கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டு, பணப்பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் 317 ரூபிளும் 60 கோபெக்கும் இருந்தன என்று நீதிமன்றம்தான் எண்ணிச் சொல்கிறது. எதற்காகக் கொன்றானோ அந்தப் பணத்தை எண்ணாத கொலையாளியை நீதிபதிகளால் நம்ப முடியவில்லை. பொர்ஃபிரியால் முடிந்தது, ஏனென்றால் அவர் கட்டுரையைப் படித்திருந்தார். ஆதாரம் இல்லாமலே இவன்தான் என்று தெரிந்தும் கைதுசெய்யாமல், நீயாக வந்து சொல் என்று அவகாசம் கொடுக்கிறார். மதுரைக் காவலர்கள் கட்டுரையைக் கேட்டு நம்பினார்கள். பீட்டர்ஸ்பர்க் அதிகாரி கட்டுரையைப் படித்து அதை எழுதியவனுக்காகக் கவலைப்பட்டார். நல்ல விசாரணை அதிகாரிக்கு அடையாளம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நாவல் அச்சான 5 ஆண்டுகளில், 1871-ல், கல்கத்தாவில் இன்னொரு கட்டுரை சட்டசபையில் வாசிக்கப்பட்டது. குற்றப் பழங்குடிகள் சட்டம். அதற்காக முன்வைக்கப்பட்ட வாதம் மிகவும் ஒழுங்கானது: இந்தியாவில் தொழில் சாதிவழி வருகிறது, நெசவாளர் மகன் நெசவாளர், தச்சர் மகன் தச்சர், ஆகவே களவையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட சாதிகள் இருக்கவேண்டும். முதலில் வட இந்தியாவுக்கு வந்த சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, திருமங்கலம், கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமெல்லாம் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள் அதன் பட்டியலுக்குள் வந்தார்கள். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கட்டைவிரல் ரேகை பதிவேட்டில் இருக்கவேண்டும். இருப்பிடம் மாறினால் சொல்லவேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராகவேண்டும். ஆண்கள் இரவைக் காவல் நிலையத்தில் கழிக்கவேண்டியிருந்த காலத்தை இன்னும் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும்.

இந்தச் சமூகத்தினர் பலர் அதற்கு முன்னால் ஊர்க்காவல்காரர்கள். காவல் கூலியாகத் தானியம் வாங்கிக்கொண்டு ஊரின் மாட்டுக்கும் களத்துக்கும் பொறுப்பேற்றவர்கள். களவு போனால் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடு கட்டவேண்டும். அதில் சண்டையும் உண்டு, துப்புக்கூலி என்ற பெயரில் நடந்த அநியாயங்களும் உண்டு. 1890-களில் திண்டுக்கல் பக்கம் கள்ளர் காவலுக்கு எதிராக ஊர்கள் திரண்டதும் நடந்ததுதான். அதை மறைத்து எழுத நான் தயாரில்லை. திருடியவன் திருடன், அவனை விசாரிக்கலாம். சட்டம் செய்தது விசாரணை அல்ல. பிறப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவைத்தது. காவலர்கள் தயங்கிய அந்த ஒரு நொடியையும், முகத்தைப் பார்க்கும் அந்த நொடியையும், அது நிர்வாகத்திலிருந்து நீக்கிவிட்டது. முகத்துக்குப் பதிலாக ரேகை போதும் என்றது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். காவல் படை சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் நினைவில் வைத்திருக்கிறது. லிஸாவெதாவைப்போல அவருக்கும் அந்தக் கட்டுரையில் இடமே இல்லை. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வழக்காடினார். அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு கூப்பிட்டார்கள். முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய்ப் போராடினார். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல் போனது, நாடு முழுவதும் 1952-ல். தேனி மாவட்டச் சாலைகளில் இன்றும் அரசு கள்ளர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். சீர்திருத்துவதற்காக அன்றைக்கு ஏற்படுத்திய துறை வழியாக வந்த பள்ளிகள் அவை. அந்தப் பள்ளிகளில் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். பள்ளிகளை நான் குறை சொல்லவில்லை. சீர்திருந்த வேண்டியவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் அந்தப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த சிந்தனை இது, நம் மண்ணில் இல்லாதது என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். சிலப்பதிகாரம் விடாது. நெடுஞ்செழியன் இறந்த பிறகு கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் அரசேறுகிறான். நாட்டில் மழை இல்லை, நோய் வந்துவிட்டது. கண்ணகியின் சினத்தைத் தணிக்க ஒரே நாளில் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது. நூலின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரையும் இதைச் சொல்கிறது. திருடியவன் ஒருவன், அவன் பெயரைக்கூட இளங்கோ தரவில்லை. ஆயிரம் பேர் தொழிலால் அவனோடு ஒன்றாக்கப்பட்டார்கள். அந்த ஆயிரம் பேரில் ஒருவனுடைய மனைவி ஒற்றைச் சிலம்போடு அவைக்கு வந்திருந்தால் வெற்றிவேற்செழியன் என்ன சொல்லியிருப்பான்? காப்பியம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாம் கேட்கவேண்டும். கண்ணகியின் பெயரால் கேட்கவேண்டும். அவள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கும் முறையை நமக்குக் காட்டியவள்.

இன்னொரு இடத்திலும் நான் இளங்கோவோடு முரண்படுகிறேன், மரியாதையோடுதான். எரியும் நகரின் தெய்வமான மதுராபதி, கண்ணகிக்குப் பின்னால் வந்து நின்று, கோவலனின் முற்பிறப்புக் கதையைச் சொல்கிறாள். முன்பு அவன் சிங்கபுரத்தில் பரதன் என்ற அரசு ஊழியன். நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலைசெய்ய வைத்தான். சங்கமன் மனைவி நீலி, 14 நாள் துயரப்பட்டு அலைந்து, மலையிலிருந்து விழுந்து இறந்தாள். அவள் இட்ட சாபம் இப்போது பலித்தது. கண்ணகிக்கும் அதே 14 நாள். கட்டமைப்பு அழகானது. ஊழ் வந்து ஊட்டும் என்பது காப்பியம் நிறுவ வந்த உண்மைகளில் ஒன்று என்பதும் தெரியும். ஆனாலும் இது செத்தவன் மேல் பிறகு எழுதப்பட்ட கட்டுரையாகவே எனக்குப் படுகிறது. முன்னால் எழுதியது கொல்வதற்கு வசதி செய்தது. பின்னால் எழுதியது கொன்றதைத் தாங்கிக்கொள்ள வசதி செய்கிறது. அதே மதுராபதி சொல்லும் பொற்கைப் பாண்டியன் கதை எனக்கு அதைவிட நெருக்கமானது. இரவு நகர்வலத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தவறுதலாகத் தட்டிவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவப்பெயர் வராதிருக்கத் தெருவில் எல்லாக் கதவையும் தட்டிய அரசன், மறுநாள் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறான். அங்கே ஊழ் இல்லை, காரணம் சொல்லும் தெய்வம் இல்லை. தட்டிய கை மட்டும்தான்.

குற்றம் செய்தவர்களைவிட, செய்யாதவர்கள்தான் அதைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது இந்த இரண்டு நூல்களிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆயர்குல மாதரி, தன்னிடம் ஒப்படைத்த அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீயில் விழுகிறாள். அவள் செய்த தவறு என்ன? வீடு கொடுத்தாள், சமைக்கப் பாத்திரம் கொடுத்தாள், துணைக்கு மகளைக் கொடுத்தாள். கோவலனையும் கண்ணகியையும் அவளிடம் ஒப்படைத்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். எல்லாரையும்விட என்னை உலுக்குகிறவர் மாடலன் என்ற அந்தணர். அவர் மதுரையில் நடந்ததைப் புகாரில் போய்ச் சொன்னார். கேட்டவர்கள் சிலர் இறந்தார்கள், சிலர் துறவு பூண்டார்கள். செய்தி சொன்னவன் என்பதால் அந்தச் சாவுகளின் பாவம் தனக்கும் உண்டு என்று, அதைத் தீர்க்கக் கங்கையில் நீராட அவ்வளவு தூரம் போகிறார். வடநாட்டில் சேரன் செங்குட்டுவனைச் சந்திப்பது அந்தப் பயணத்தில்தான். பொய் சொல்லிக் கொன்ற பொற்கொல்லன் மனம் வருந்தியதாகக் காப்பியத்தில் ஒரு வரி கிடையாது. உண்மை சொன்ன மாடலன் கங்கைக்கு நடக்கிறார்.

ரஷ்ய நாவலில் மாடலனுக்குப் பங்காளியாக வருகிறவன் மிகோல்கா என்ற வண்ணம் பூசுகிறவன். கொலை நடந்த வீட்டில் வேலை பார்த்தவன், கிராமத்துப் பையன், சமய வேட்கை உள்ளவன். கொலையை நான்தான் செய்தேன் என்று விசாரணை அறைக்குள் வந்து மண்டியிடுகிறான். அவன் துன்பத்தை ஏற்க விரும்புகிறான் என்கிறார் பொர்ஃபிரி. யாருக்காக என்பது முக்கியமில்லை, துன்பத்தை ஏற்பதுதான் முக்கியம். கனவில் குதிரையை அடித்துக் கொன்றவன் பெயரும் மிகோல்கா என்பதைத் தஸ்தயெவ்ஸ்கி யோசிக்காமல் செய்திருக்கமாட்டார். நம் பள்ளத்தாக்கில் இந்த மிகோல்காவைப் புரிந்துகொள்ள யாருக்கும் சிரமம் இருக்காது. குச்சனூர் சனீஸ்வரர் கோயில் வரலாறு அவனுக்கு உறவு. தன்னை எடுத்து வளர்த்த அரசன் தினகரனுக்கு வந்த துன்பத்தைத் தனக்குத் தரும்படி வளர்ப்பு மகன் சந்திரவதனன் வேண்டுகிறான். சனி மனமிரங்கி ஏழரை ஆண்டை ஏழரை நாழிகையாகக் குறைத்து அவனுக்குத் தருகிறான். வாராவாரம் சனிக்கிழமை அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் தங்கள் பாரத்தை இறக்கிவைக்க வருகிறார்கள். கோயில் உருவான கதையோ அடுத்தவர் பாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவனுடையது.

வாக்குமூலம் கொடுத்ததோடு ரஸ்கோல்னிகோவ் திருந்திவிட்டான் என்று நினைக்கிறவர்கள் நாவலின் பின்னுரையைப் படிக்காதவர்கள். எட்டு ஆண்டு தண்டனை பெற்று சைபீரியா போனபிறகும் அவனுக்கு வருத்தம் இல்லை. தான் தோற்றுவிட்டோமே என்ற வெட்கம் மட்டும். தன் கட்டுரையில் என்ன தப்பு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். தஸ்தயெவ்ஸ்கிக்கு இது கேள்வி ஞானம் அல்ல. 1849 டிசம்பர் 22 அன்று அவரை மரணதண்டனை மைதானத்தில் நிறுத்தி, கடைசி நிமிடத்தில் தண்டனையை மாற்றி, ஓம்ஸ்க் சிறைக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டு காலில் விலங்கோடு இருந்தார். கூட இருந்த கைதிகளிடம் வருத்தத்தின் அடையாளத்தை அவர் பார்க்கவில்லை என்பதை, சிறை வாழ்வை வைத்து அவர் எழுதிய நூலே சொல்கிறது. தண்டனை குற்ற உணர்வைத் தராது என்பதை உடம்பால் அறிந்தவர் அவர். ரஸ்கோல்னிகோவுக்குள் ஏதோ உடைவது சிறையில் நோயில் கிடந்து எழுந்த பிறகு, சோனியா வராத சில நாட்களுக்குப் பிறகு, அவளை மறுபடி பார்த்த ஒரு காலைப்பொழுதில். வாதங்களின் இடத்தில் வாழ்க்கை வந்து உட்கார்ந்தது என்ற அளவில்தான் ஆசிரியர் சொல்கிறார். அவன் கட்டுரைக்கு மறுப்பாக இன்னொரு கட்டுரையை எழுதிக் கொடுக்க அவர் மறுத்துவிடுகிறார். அதில் அவர் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

இதையெல்லாம் படித்து ஒரு கோரிக்கைக்கு வந்திருக்கிறேன். பாடநூல்களில் சிலப்பதிகாரம் என்றால் பெரும்பாலும் வழக்குரை காதைதான் வருகிறது. மாணவர்கள் கண்ணகியின் குரலில் நடிக்கிறார்கள், பாண்டியனாக விழுகிறார்கள், கைதட்டல் வாங்குகிறார்கள். நல்லதுதான். அதோடு கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் பேசும் பகுதியையும் வகுப்பில் வைக்கவேண்டும். எட்டுத் துணைகளையும் ஒரு மாணவர் உரக்க வாசிக்கட்டும். எந்த வரியில் தனக்குச் சரிதான் என்று தோன்றியது என்பதை ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த வகுப்பில் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாதத்தையும், அதற்கடுத்து ரஸ்கோல்னிகோவின் கட்டுரையைப் பற்றி பொர்ஃபிரி கேட்கும் கேள்விகளையும் வாசிக்கலாம். தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெருங்காமநல்லூர் தூரமில்லை, நினைவிடத்துக்கு ஒரு பேருந்தில் கூட்டிப் போகலாம். அங்கே இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க ஆகும் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு.